சாம்பல் மேட்டைத் தாண்டிப் போகும் ரயில்

நியூயார்க் நகரின் பென்சில்வேனியா ஸ்டேஷனில் கிளம்பி, ஆற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போய், குவீன்ஸ் பகுதியைக் கடந்து போர்ட் வாஷிங்டன் வரை செல்லும் ரயில் இன்றும் ஓடுகிறது. 1920களில் அந்த ரயிலில் போனவர்கள் ஒரு காட்சிக்குத் தப்ப முடியாது. ஃபிளஷிங் ஓடையை ஒட்டிய கொரோனா சதுப்பு நிலம் முழுவதும் சாம்பல். புரூக்ளின் வீடுகளில் சமைக்கவும் குளிர்காலத்தில் கதகதப்புக்காகவும் எரித்த நிலக்கரி, சாம்பலாக அங்கே வந்து விழுந்தது. அதை அள்ளி வந்து கொட்டும் ஒப்பந்தம் புரூக்ளின் ஆஷ் ரிமூவல் கம்பெனியிடம் இருந்தது. நடத்தியவர் ஜான் மெக்கார்த்தி. அரசியல் செல்வாக்குள்ள ஆள், 'ஃபிஷ்ஹூக்ஸ்' என்ற பட்டப்பெயரால்தான் ஊருக்குத் தெரியும். மேல்மூடி இல்லாத பெட்டிகளில் சாம்பல் ஏற்றி வந்த அவருடைய ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் 'டால்கம் பவுடர் எக்ஸ்பிரஸ்'. பறந்த சாம்பல் அக்கம்பக்கத்துத் தெருக்களில் படிந்தது. குவியல்களில் ஒன்று ஏறத்தாழ 90 அடி உயரம் வளர்ந்துவிட்டது. அதை 'மவுண்ட் கொரோனா' என்றார்கள்.

அந்தச் சாம்பலைத் தாண்டி இன்னும் சில மைல் போனால் கிரேட் நெக். அதை அடுத்து மன்ஹாசெட் விரிகுடா. விரிகுடாவின் எதிர்க்கரையில் சாண்ட்ஸ் பாயிண்ட். அங்கிருந்து கிழக்கே, லாங் ஐலண்ட் தீவின் வடகரை நெடுக அமெரிக்கப் பெருஞ்செல்வர்களின் மாளிகைகள், 500-க்கும் மேல். அந்தக் கரைக்கே 'கோல்ட் கோஸ்ட்', அதாவது தங்கக் கரை என்று பெயர் வந்துவிட்டது.

1922 அக்டோபரில் கிரேட் நெக்கின் கேட்வே டிரைவ் 6-ஆம் எண் வீட்டுக்கு, மாதம் 300 டாலர் வாடகையில், 26 வயது எழுத்தாளர் ஒருவர் மனைவியோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் குடிவந்தார். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு. நகரத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் அவர் கடந்தது அந்தச் சாம்பல் வெளியைத்தான். 1925 ஏப்ரல் 10 அன்று 'தி கிரேட் கேட்ஸ்பி' நாவல் வெளிவந்தபோது இந்த மூன்று இடங்களும் அதில் இருந்தன. கிரேட் நெக் 'வெஸ்ட் எக்' ஆகியிருந்தது; சாண்ட்ஸ் பாயிண்ட் பக்கம் 'ஈஸ்ட் எக்' ஆகியிருந்தது; கொரோனா, சாம்பல் பள்ளத்தாக்கு ஆகியிருந்தது.

பணம் இன்பம் தருமா என்று கேட்கும் கதைகளுக்கு உலகத்தில் பஞ்சமில்லை. பெரும்பாலும் அவற்றில் பதில் முன்பே தயாராக இருக்கும்: மாடியில் இருப்பவன் தூக்கம் வராமல் புரள்வான், குடிசைக்காரன் நிம்மதியாகக் குறட்டை விடுவான். ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த வழியில் போகவில்லை. பணம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே தெரியும். 1908-ல் பஃபலோ நகரில் அவருடைய அப்பா வேலையிழந்தார். அப்போது பையனுக்கு வயது பதினொன்று. 1918-ல் ராணுவத்தில் இருந்தபோது அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் நீதிபதி ஒருவரின் மகளான ஜெல்டா சேயரைக் காதலித்தார். போர் முடிந்து, நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் மாதம் 90 டாலர் சம்பளத்துக்குச் சேர்ந்தார். 1919 கோடையில் ஜெல்டா நிச்சயத்தை முறித்துக்கொண்டார். அந்தச் சம்பளத்தை நம்பி வாழ்க்கையைத் தொடங்க அவருக்குத் துணிவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் நாவல் எழுதினார். 1920 மார்ச் 26-ல் புத்தகம் வந்தது, விற்றுத் தீர்ந்தது. ஏப்ரல் 3-ல் கல்யாணம்.

பணம் வந்ததால் கைகூடிய கல்யாணம் அது. பணம் எந்த இன்பத்தையும் தராது என்று இப்படிப்பட்ட ஒருவரால் மனமறிந்து எழுத முடியாது. வராமல் போயிருந்தால் என்ற அச்சமும், எதற்காக வந்தாள் என்ற கேள்வியும் அவருக்குள் கடைசிவரை இருந்தன. கேட்ஸ்பி அந்த அச்சத்திலிருந்து பிறந்தவன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் கேட்ஸ். பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். 1917-ல் ராணுவ அதிகாரியாக லூயிவில் நகரில் இருக்கும்போது டெய்சி என்ற பணக்காரப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைகிறான். அவனை உள்ளே விட்டது அவன் அணிந்திருந்த சீருடை. சீருடைக்குள் இருப்பவனிடம் காசு இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. அவன் போருக்குப் போகிறான். டெய்சி, சிகாகோவின் பரம்பரைப் பணக்காரன் டாம் புக்கனனை மணக்கிறாள். ஐந்தாண்டில் கேட்ஸ்பி எப்படியோ பெரும் பணம் சேர்த்து, அவள் வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில் மாளிகை வாங்கி, வாராவாரம் ஊரையே கூட்டி விருந்து வைக்கிறான். என்றாவது ஒரு நாள் அவள் அந்த விருந்துக்கு வரமாட்டாளா என்பதற்காக.

அவள் வரும் நாளில் ஒரு காட்சி. கேட்ஸ்பி தன் படுக்கையறை அலமாரியைத் திறந்து, இங்கிலாந்திலிருந்து வாங்கி வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசுகிறான். பட்டும் லினனுமாக, பல நிறங்களில் குவிகிறது. டெய்சி அந்தக் குவியலில் முகம் புதைத்து அழுகிறாள். சட்டைக்காக ஒருத்தி அழுவாளா என்று முதல் வாசிப்பில் தோன்றும். இந்தச் சட்டைகள் அன்றே இருந்திருந்தால் என்பதுதான் அந்த அழுகை என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. நாவலிலேயே இருவரும் உண்மையாக நெருங்கும் இடங்களில் அது ஒன்று, அது நடப்பது பணத்தின் நடுவே. ஃபிட்ஸ்ஜெரால்டின் நேர்மை அங்கே இருக்கிறது.

பிறகு எங்கே கெடுகிறது? அதைப் புரிந்துகொள்ள நாவலை விட்டு இறங்கி, அந்தக் கரை எப்படி உருவானது என்று பார்க்க வேண்டும்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் நியூயார்க் செல்வர்கள் லாங் ஐலண்டின் வடகரைக்கு வரத் தொடங்கினார்கள். நகரத்துக்குப் பக்கம், படகு விடக் கடல், குதிரையேற்றத்துக்குச் சமவெளி, வேட்டைக்குக் காடு. ஸ்டாண்டர்டு ஆயிலின் பிராட் குடும்பம் கிளென் கோவ் ஊரில் குடியேறியது. கார்னெகி எஃகுத் தொழிலில் பணம் பார்த்த ஃபிப்ஸ் குடும்பம் ஓல்டு வெஸ்ட்பரியிலும், தாமிரச் சுரங்கக் குகன்ஹைம்கள் சாண்ட்ஸ் பாயிண்டிலும் வீடு கட்டினார்கள். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான் கடைகளால் கோடீஸ்வரரான ஃபிராங்க் உல்வொர்த் கிளென் கோவ் ஊரில் எழுப்பிய மாளிகையில் இரண்டாண்டு போல வாழ்ந்தார். பல் வைத்தியரைக் கண்டால் பயம். வைத்தியம் பார்க்காமல் தள்ளிப்போட்ட பல்லில் சீழ் வைத்து, அந்த நஞ்சு உடம்பில் ஏறி, 1919 ஏப்ரலில் காலமானார்.

ரோஸ்லினில் கிளாரன்ஸ் மெக்கே கட்டிய 'ஹார்பர் ஹில்' இவற்றில் பேர்போனது. அவருடைய அப்பா ஜான் மெக்கே அயர்லாந்திலிருந்து வெறுங்கையோடு வந்தவர், நெவாடாவில் சுரங்கத் தொழிலாளியாக மண் வெட்டியவர். 1873-ல் காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கத்தில் பெரும் படிவம் கிடைத்து அமெரிக்காவின் முதல் வரிசைச் செல்வர்களில் ஒருவரானார். மகனுக்கு மண் வெட்ட வேண்டிய தேவை இருக்கவில்லை. கட்டடக் கலைஞர் ஸ்டான்ஃபோர்டு வொயிட்டைக் கொண்டு, பிரெஞ்சு அரண்மனை ஒன்றின் சாயலில் 1902-ல் மாளிகையை முடித்தார். சுற்றிலும் 600 ஏக்கருக்கு மேல்.

மாளிகையோடு வேலியும் வந்தது. வில்லியம் கே. வாண்டர்பில்ட் ஜூனியர் 1908-ல் கார்களுக்கென்றே தனிச் சாலை போட்டார். அதில் போகத் தொடக்கத்தில் 2 டாலர் சுங்கம், அன்றைய கூலிக்காரரின் ஒரு நாள் வருமானத்துக்கு ஏறக்குறையச் சமம். சில எஸ்டேட்டுகள் சேர்ந்து தங்களைத் தனிக் கிராமமாகப் பதிவு செய்துகொண்டன. கிராமம் என்றால் சொந்தக் காவல், சொந்த விதி. கடற்கரைக்கும் சாலைக்கும் வெளியார் வராமல் பார்த்துக்கொள்ளலாம். வடகரைப் பணக்காரர்கள் வீட்டுக்கு அடுத்தபடி கவனமாகக் கட்டியது இந்த எல்லையைத்தான்.

கிரேட் நெக் வேறு ரகம். அங்கே நாடகக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், பாட்டெழுதுபவர்கள், பங்குத் தரகர்கள் என்று நேற்றுப் பணம் பார்த்தவர்கள் கூட்டம். எழுத்தாளர் ரிங் லார்ட்னர் ஃபிட்ஸ்ஜெரால்டின் நெருங்கிய நண்பர். இருவரும் விடிய விடியக் குடித்தார்கள். 'வேர்ல்டு' பத்திரிகையின் ஆசிரியர் ஹெர்பர்ட் பேயார்டு ஸ்வோப் வீட்டில் விருந்து ஓயாது. லார்ட்னர் வீடு அதற்குப் பக்கத்தில்தான். விரிகுடாவின் இந்தக் கரையில் சம்பாதித்தவர்கள், அந்தக் கரையில் சம்பாதித்தவர்களின் வாரிசுகள். தண்ணீரைப் படகில் கடக்கச் சில நிமிடம் போதும்.

ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பமும் செலவில் யாருக்கும் சளைக்கவில்லை. பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று வாங்கினார்கள். வீட்டு வேலைக்கு ஆட்கள் வைத்தார்கள். நகரத்திலிருந்து வரும் விருந்தாளிகள் வாரக் கடைசி கழிந்தும் போகவில்லை. 1923 நவம்பரில் அவருடைய நாடகம் அட்லாண்டிக் சிட்டியில் அரங்கேறித் தோற்றது. கடனை அடைக்க, கார் ஷெட்டுக்கு மேலே இருந்த அறையில் உட்கார்ந்து அந்தக் குளிர்காலம் முழுவதும் பத்திரிகைக் கதைகளாக எழுதித் தள்ளினார். 1924 ஏப்ரலில் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்: ஆண்டுக்கு 36,000 டாலர் சம்பாதித்தும் குடும்பம் ஏன் போதாமல் தவிக்கிறது என்பதுதான் பொருள். அன்றைய ஆலைத் தொழிலாளியின் ஆண்டு வருமானத்தைப் போல அது இருபது மடங்குக்கு மேல். அடுத்த மாதம் குடும்பத்தோடு கப்பலேறினார். செலவு குறையும் என்று பிரான்ஸின் தென்கரைக்குப் போய், நாவலின் பெரும்பகுதியை அங்கே எழுதினார். கிரேட் நெக்கை எழுத அங்கிருந்து விலக வேண்டியிருந்தது.

கேட்ஸ்பியின் பணம் வந்த வழியை நாவல் அரைகுறையாகத்தான் காட்டுகிறது. அன்றைய வாசகருக்கு அந்த அரைகுறையே போதும். 1920 ஜனவரி 17 முதல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம். சின்சினாட்டி நகரில் ஜார்ஜ் ரீமஸ் என்ற வக்கீல், முன்பு மருந்துக் கடை நடத்தியவர், சாராய ஆலைகளையும் மருந்துக் கம்பெனிகளையும் சேர்த்து வாங்கி, மருந்து என்ற பெயரில் வெளியே எடுத்த விஸ்கியைக் கள்ளச் சந்தையில் விற்றுக் கோடிகளில் புரண்டார். கேட்ஸ்பியும் மருந்துக் கடைகளை வாங்கியவன். லாங் ஐலண்டின் கடலோரத்துக்கு அப்பால், அரசின் எல்லை முடியும் இடத்தில், சரக்குக் கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. இரவில் விசைப் படகுகள் போய்ச் சரக்கை இறக்கி வந்தன. கோல்ட் கோஸ்ட் விருந்துகளின் ஷாம்பெயின் வந்த பாதைகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு வழி பங்குச் சந்தை. கிரேட் நெக்கில் வசித்த எட்வர்டு ஃபுல்லர் என்ற தரகரின் நிறுவனம் 1922 ஜூனில் திவாலானது. பங்கு வாங்கச் சொல்லி வாடிக்கையாளர் கொடுத்த பணத்துக்குப் பங்கே வாங்காமல், விலை இறங்கும் என்று பந்தயம் கட்டிப் பணத்தைச் சுருட்டிய வியாபாரம் அது. ஃபுல்லர் கடைசியில் சிறைக்குப் போனார். அவரோடு சேர்த்துப் பேசப்பட்ட பெயர் சூதாட்டப் புள்ளி ஆர்னால்டு ராத்ஸ்டைன். 1919-ல் பேஸ்பால் உலகத் தொடரை விலைக்கு வாங்கியவர் என்று ஊர் முழுவதும் பேசிய ஆள். குற்றம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. நாவலில் கேட்ஸ்பியைத் தூக்கிவிடும் வூல்ஃப்ஷைம் பாத்திரத்துக்கு அவரே மாதிரி. அந்தப் பாத்திரத்தை ஃபிட்ஸ்ஜெரால்டு தீட்டியிருக்கும் விதத்தில் அன்றைய யூத வெறுப்பு அப்பட்டமாகத் தெரிகிறது. மகத்தான நாவலில் அது ஒரு கறை. வடகரைக் கிளப்புகள் எந்த மனத்தோடு யூதர்களுக்குக் கதவை மூடினவோ, அதே மனம் எழுத்தாளரின் பேனாவிலும் கொஞ்சம் இருந்தது.

கதவு மூடுவதைப் பற்றிப் பேசும்போது மெக்கே குடும்பத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1924 செப்டம்பரில், இங்கிலாந்தின் வேல்ஸ் இளவரசர் போலோ ஆட்டம் பார்க்க லாங் ஐலண்டுக்கு வந்தார். 6-ஆம் தேதி இரவு ஹார்பர் ஹில்லில் கிளாரன்ஸ் மெக்கே அவருக்கு விருந்து வைத்தார். விளக்கு அலங்காரம், இசைக் குழு, ஆயிரத்துக்கும் அதிகமான விருந்தினர். ஃபிட்ஸ்ஜெரால்டு அதற்குள் பிரான்ஸில் இருந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த விருந்துகளை மிஞ்சும் விருந்து ஹார்பர் ஹில்லில் நடந்தது. மெக்கேயின் மகள் எலின் இளவரசரோடு நடனமாடினார். எலினின் மனமோ இர்விங் பெர்லினிடம் போய்விட்டிருந்தது.

பெர்லின் அன்று அமெரிக்காவே பாடிய பாடல்களை எழுதியவர். கைநிறையச் சம்பாதித்தவர். ரஷ்யப் பேரரசிலிருந்து ஐந்து வயதில் வந்து இறங்கிய யூத அகதிக் குழந்தை. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குச் சேரியில் பத்திரிகை விற்று, ஓட்டலில் பரிமாறிக்கொண்டே பாடி முன்னுக்கு வந்தவர். கிளாரன்ஸின் அப்பாவும் வெறுங்கையோடு வந்தவர்தானே? அந்த நினைவு மகனுக்கு உதவவில்லை. கத்தோலிக்கரான மெக்கே ஒரேயடியாக மறுத்தார். மகளை மறக்கச் செய்ய ஐரோப்பாவுக்கு அனுப்பினார். திரும்பி வந்த எலின் 1925-ல், அப்போதுதான் தொடங்கித் தள்ளாடிக்கொண்டிருந்த 'நியூயார்க்கர்' இதழில், பணக்கார வீட்டுப் பெண்கள் தங்கள் வட்டத்து நடன விருந்துகளை விட்டுவிட்டு ஏன் பொது இரவு விடுதிகளுக்குப் போகிறார்கள் என்று கட்டுரை எழுதினார். வீட்டு விருந்துகளில் வரும் ஆண்களோடு ஆடச் சலித்துப்போய்தான் போகிறோம் என்பது அவர் சொன்ன காரணம். ஊரே பேசியது, பத்திரிகை விற்றது. 1926 ஜனவரி 4 அன்று இருவரும் நகராட்சிக் கட்டடத்துக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். போனது சுரங்க ரயிலில். எலின் அதில் ஏறியது அன்றுதான் முதல் தடவை என்பார்கள்.

அப்பா மகளைச் சொத்திலிருந்து விலக்கினார், பேச்சையும் நிறுத்தினார். 1928 கிறிஸ்துமஸ் நாளில் பெர்லின் தம்பதியின் கைக்குழந்தை இறந்தபோதுதான் அந்த இறுக்கம் தளர்ந்தது. அதே ஆண்டு மெக்கே தம் தந்திக் கம்பெனியை வேறொரு நிறுவனத்துக்கு விற்று, விலையைப் பெரும்பாலும் பங்குகளாக வாங்கியிருந்தார். 1929 அக்டோபரில் சந்தை சரிந்தது, பங்குகளும் சரிந்தன. ஓவியங்களும் திரைச்சீலைகளும் கவச சேகரிப்பும் ஒவ்வொன்றாக விலைபோயின. ஹார்பர் ஹில்லைப் பூட்டிவிட்டு, அந்த எஸ்டேட்டிலேயே ஒரு சிறிய வீட்டுக்கு மாறினார். 1938-ல் இறந்தார். மாளிகையை 1947-ல் இடித்தார்கள். எலினும் இர்விங்கும் 62 ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களும் பணக்காரர்கள்தான், வறுமையில் கண்ட இன்பம் என்று அதைச் சொல்ல முடியாது. எலினின் அப்பா அத்தனை செல்வத்தை வைத்துக்கொண்டு செய்ய முடியாமல் போனது ஒன்றே ஒன்று: மகள் விரும்பியவனுக்கு வாசலைத் திறப்பது.

டெய்சியால் முடியாததை எலின் செய்தார். நாவலில் கேட்ஸ்பியும் டாமும் ஓட்டல் அறையில் மோதும் கட்டத்தில், டாம் கையில் எடுக்கும் ஆயுதம் பணம் இல்லை. எதிரியின் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். டெய்சி அந்த இடத்திலேயே பின்வாங்கிவிடுகிறாள். அன்று மாலையே அவள் ஓட்டிய கார் சாம்பல் பள்ளத்தாக்கின் கார் பட்டறைக்காரன் மனைவி மீது ஏறுகிறது. பழி கேட்ஸ்பி மேல் விழுகிறது. அவன் சுடப்பட்டுச் சாகிறான். டாமும் டெய்சியும் ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள். விருந்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தவர்களில் சவ அடக்கத்துக்கு வந்தவன் ஒருவன். ஃபிட்ஸ்ஜெரால்டு பணத்தைக் குற்றம் சாட்டவில்லை. ஒருத்தியின் விருப்பம், ஒரு குடும்பத்தின் மரியாதை, கடந்துபோன ஐந்தாண்டு எல்லாவற்றையும் விலை கொடுத்து மீட்டுவிடலாம் என்று ஒருவனை நம்பவைத்த ஊரைக் குற்றம் சாட்டுகிறார். நம்பவைத்துவிட்டு, அவன் விலையோடு வந்து நின்றபோது அந்தப் பணம் செல்லாது என்றதும் அதே ஊர்.

பணத்தால் இன்பம் கண்டவர்கள் அந்தக் கரையிலும் உண்டு. வங்கியாளர் ஓட்டோ கான் அப்படி ஒருவர். கோல்டு ஸ்பிரிங் ஹில்ஸில் அவர் கட்டிய 'ஒஹேக்கா' 127 அறைகள் கொண்டது; 1919-ல் முடிந்தது. மலை மேல்தான் வீடு வேண்டும் என்று, இரண்டாண்டு மண்ணைக் கொட்டி மலையையே உண்டாக்கினார். இசை அவருக்கு உயிர். மெட்ரோபாலிட்டன் ஆப்பராவுக்குத் தலைமை தாங்கி, பற்றாக்குறையை எல்லாம் தம் பணத்தால் நிரப்பினார். 1925-ல் வேலையின்றித் தவித்த கவிஞர் ஹார்ட் கிரேன் கேட்டபோது, நெடுங்கவிதை ஒன்றை எழுதி முடிக்கப் பணம் கொடுத்தார். புரூக்ளின் பாலத்தைப் பாடும் அந்தக் கவிதை இன்றும் வாசிக்கப்படுகிறது. அப்படிப்பட்டவருக்கே, யூதர் என்பதால், தாம் காப்பாற்றிய ஆப்பரா அரங்கில் உயர்குடியினரின் தனி மாடம் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

ஆனால் வேலியின் இந்தப் பக்கம் வந்ததும் அவரும் வேலிக்காரராகிவிட்டார். 1920களில் ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி நகர மக்கள் காரில் லாங் ஐலண்டுக்கு வர நார்தர்ன் ஸ்டேட் பார்க்வே என்ற சாலையைத் திட்டமிட்டார். அது கானின் கோல்ஃப் மைதானத்தைக் கிழித்துக்கொண்டு போவதாக இருந்தது. கான், சாலை அளவைப் பணிக்கென்று 10,000 டாலரைச் சத்தமில்லாமல் கொடுத்தார். பாதை தெற்கே நகர்ந்து, சிறு விவசாயிகளின் நிலங்களை வெட்டிக்கொண்டு போனது. வீட்லி ஹில்ஸ் பிரபுக்கள் 1929-ல் 1,75,000 டாலர் கொடுத்துத் தங்கள் எஸ்டேட்டுகளைச் சுற்றிச் சாலையை வளைத்துவிட்டார்கள். அந்த வளைவு இன்றும் இருக்கிறது. தினமும் வேலைக்குப் போகிறவர்கள் அதனால் கூடுதல் மைல்கள் ஓட்டுகிறார்கள். இந்த விவரங்களை வெளிக்கொண்டு வந்தது ராபர்ட் காரோ 1974-ல் எழுதிய மோசஸின் வாழ்க்கை வரலாறு. கோல்ட் கோஸ்டின் இன்பத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மாளிகைகளின் வீழ்ச்சிக்குச் சந்தைச் சரிவு மட்டும் காரணமில்லை. 1925-ல் உச்ச வருமான வரி 25 சதவீதம். 1932-ல் 63; 1936-ல் 79; 1944-ல் 94. எழுபது, எண்பது வேலையாட்களை வைத்து நடத்த வேண்டிய வீடுகளை யாரால் தாங்க முடியும்? கான் 1934-ல் இறந்தார். ஒஹேக்காவை 1939-ல் நியூயார்க் துப்புரவுத் தொழிலாளர்களின் ஓய்வு இல்லமாக வாங்கினார்கள். பிறகு அது ராணுவப் பள்ளியானது. பின்னர் பாழடைந்து, 1984-க்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டது. பிராட் குடும்பத்தின் ஒரு மாளிகை சோவியத் அரசின் கைக்குப் போனது. ஃபிப்ஸ் வீடு பொதுத் தோட்டமானது. டெய்சியின் வீட்டுக்கு மாதிரி என்று ஊரார் சொல்லிவந்த சாண்ட்ஸ் பாயிண்டின் 'லேண்ட்ஸ் எண்ட்', 2011-ல் இடிக்கப்பட்டது.

ஃபிட்ஸ்ஜெரால்டு 1929-ல் ஒரு கதைக்கு 4,000 டாலர் வாங்கியவர். அடுத்த ஆண்டே ஜெல்டாவுக்கு மனநோய் முற்றியது. மருத்துவமனைச் செலவு, மகளின் படிப்பு, குடி என்று பணம் போன வழி தெரியவில்லை. 1940 டிசம்பர் 21-ல் ஹாலிவுட்டில், 44 வயதில் இறந்தபோது 'கேட்ஸ்பி'யின் பிரதிகள் பதிப்பாளரின் கிடங்கில் விற்காமல் கிடந்தன. கடைசியாக வந்த ராயல்டி 13 டாலர் 13 சென்ட். அந்த நாவலைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு இரண்டாம் உலகப் போருக்கு உண்டு: போர்முனை வீரர்களுக்கு இலவசமாகக் கொடுக்க, சட்டைப் பையில் அடங்கும் அளவில் 1,55,000 பிரதிகள் அச்சிட்டார்கள். அவர் வாழ்நாளில் விற்றதைவிட அது பல மடங்கு.

கொரோனாவின் சாம்பல் அதற்கு முன்பே போய்விட்டது. 1934-ல் நகரம் அந்த இடத்தை வாங்கியது. மோசஸ் அதைச் சமன்படுத்தினார்; 1939-ல் அங்கே உலகப் பொருட்காட்சி நடந்தது. சாம்பலில் ஒரு பங்கு நெடுஞ்சாலைகளுக்கு அடிமண் ஆனது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை சில ஆண்டுகள் அங்கே கூடியது. 1978 முதல் அமெரிக்க ஓபன் டென்னிஸ் அங்கேதான் நடக்கிறது.

போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. வடகரை மாளிகைகளிலிருந்து சில மைல் தெற்கே, ஹெம்ப்ஸ்டெட் சமவெளியின் உருளைக்கிழங்கு வயல்களில், வில்லியம் லெவிட்டின் நிறுவனம் ஒரே அச்சில் வார்த்தது போல வீடுகளைக் கட்டியது. 1947 அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடியேறின; வாடகை மாதம் 60 டாலர். சில ஆண்டுகளில், லெவிட்டவுன் என்று பெயர் பெற்ற அந்தக் குடியிருப்பில் வீடுகள் 17,000-ஐத் தாண்டின. சமையலறையில் புது அடுப்பும் குளிர்பெட்டியும், பின்னால் குழந்தைகள் ஓடியாடக் கொஞ்சம் புல்தரை. நகரத்து நெருக்கடியில் மாமனார் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்த இளம் தம்பதிகளுக்கு அது உண்மையான மகிழ்ச்சி, அதில் சந்தேகமில்லை. கைக்கு எட்டும் பணத்தில் வாங்கிய மகிழ்ச்சி.

அந்த வீடுகளின் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: வெள்ளையர் தவிர வேறு யாரும் அங்கே வசிக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர்கள் மட்டும் விலக்கு. 1948-ல் இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்திலிருந்து அந்த வரியை எடுத்தார்கள், வழக்கம் தொடர்ந்தது. அதே சீருடை அணிந்து போருக்குப் போய்வந்த கறுப்பின வீரர்கள், அதே 60 டாலரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபோதும், லெவிட்டவுனில் அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை.